பஸ் நீலமும் வெண்ணெய் நிறமும்

மார்ச் 4

அம்மாடி வாலு,

நான் சொல்லச் சொல்ல மேல்வீட்டுத் தையல்காரம்மா எழுதுகிறார். எடுத்த எடுப்பில் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று அவராகவே போட்டார். அடிக்கச் சொல்லிவிட்டேன். நலமாக இருந்தால் எதற்குக் கடிதம்? போனில் நீ பேசுவது எனக்குத் தகர டப்பாவில் ஆணி உருட்டுவது மாதிரி கேட்கிறது. காலமெல்லாம் டெப்போவில் பஸ்ஸுக்குத் தகரம் அடித்த காது. அதனால் காகிதத்தில் கத்துகிறேன்.

உன் அம்மா மறுபடி வெளியே போய்விட்டாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் தாழ்ப்பாளை நீக்கிவிட்டாள். பெரிய சாலையின் நடுவில், என் பழைய சாப்பாட்டுத் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாளாம். பால்காரர் பார்த்துக் கூட்டி வந்தார். “எங்கம்மா கிளம்பிட்டீங்க?” என்று கேட்டதற்கு, “வீட்டுக்கு” என்றாளாம். “இதுதானே உங்க வீடு” என்று நம் வாசலில் கொண்டுவந்து விட்டால், அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பாவம், உங்களுக்கும் வழி தெரியலையா?” என்று கேட்கிறாள்.

உன்னிடம் மறைத்தால் நீயாகத் தெரிந்துகொள்வாய், அதனால் சொல்கிறேன். இன்னொரு தடவை வெளியே போனாலோ விழுந்தாலோ அம்மாவை உன்னிடமே கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று போன தடவை நீ சொன்னாய். அது செருப்பில் ஏறின முள் மாதிரி அன்றிலிருந்து என்னோடு நடந்து வருகிறது.

நீ தபாலில் அனுப்பிய கலர் அட்டை கிடைத்தது. வெண்ணெய் நிறத்தைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறாய். சுவர் வெளிச்சமாக இருந்தால் அம்மாவுக்குக் கால் வைக்கிற இடம் தெரியும் என்று டாக்டர் சொன்னாராம். சொல்லியிருப்பார். ஆனால் நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. வெளுத்துப்போன இந்தச் சுவர்களைத் தடவிக்கொண்டே அவள் வீட்டைச் சுற்றி வருகிறாள். “ஆஸ்பத்திரியில எத்தனை நாள் வெச்சிருப்பாங்க? வீட்டுக்குப் போலாமே” என்கிறாள். எந்த வீடு என்று யோசித்து யோசித்து, போன வாரம் பிடிபட்டது.

நீ பார்க்காத வீடு அது. கல்யாணமான புதிதில் டெப்போவுக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தோம். பஸ்ஸுக்கு அடித்து மிஞ்சின கருநீல எனாமலை நானே கொண்டுவந்து நாலு சுவரிலும் பூசினேன். பார்த்துவிட்டு உன் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “குடித்தனம் பஸ்ஸுக்குள்ளேயா? அப்ப டிக்கெட் எடுத்துட்டு வாங்க” என்றாள். அன்றிலிருந்து நான் வேலை முடிந்து கதவைத் தட்டினால், உள்ளேயிருந்து “டிக்கெட்?” என்பாள். நான் “பாஸ்” என்பேன். அப்புறம்தான் தாழ்ப்பாள் திறக்கும். நீ பிறந்து, இந்த வீட்டுக்கு வந்த பிறகு அந்த விளையாட்டு நின்றுபோனது. யார் நிறுத்தினோம் என்று தெரியவில்லை. பிள்ளை தூங்குகிற நேரத்தில் கதவைத் தட்டக் கூடாது என்று நின்றிருக்கலாம்.

அவள் தேடுவது அந்த நீலத்தை. படுக்கையறைக்கு அதைத்தான் அடிக்கப் போகிறேன். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடாதே. இவளும் போய்விட்டால் நான் எந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன்?

அப்பா

மார்ச் 13

அப்பா,

தையல்கார அக்கா, இதை அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படியுங்கள். தெருவுக்குக் கேட்காமல் படிக்க முடிந்தால் இன்னும் நல்லது.

அட்டையில் நான் வட்டம் போட்டது அழகுக்காக இல்லை அப்பா. முதியோர் இல்லத்தில் நான் பார்க்கிற வேலையே இதுதான். அம்மா மாதிரி இருக்கிறவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, விழாமல் பிடிக்கிறேன். இங்கே சுவரெல்லாம் வெளிர் நிறம், கதவுக்கும் படிக்கும் மட்டும் வேறு நிறம். கருப்பாகத் தெரிகிற தரையைப் பள்ளம் என்று நினைத்து ஒரு பாட்டி தாண்டிக் குதித்ததை நான் கண்ணால் பார்த்தேன். அம்மாவுக்கு ஒரு கண்ணில் பார்வை பாதிதான். கருநீலச் சுவரும் சிமெண்ட் தரையும் மாலையில் அவளுக்கு ஒரே கிணறாகத்தான் தெரியும்.

இது ஒரு காரணம். இன்னொன்றைச் சொன்னால் நீங்கள் என்னைச் சுயநலக்காரி என்பீர்கள். சொல்லுங்கள்.

போன தடவை நான் வந்தபோது அம்மாவுக்கு என்னைத் தெரியவில்லை. ‘இந்த நர்ஸ் நல்ல பொண்ணு’ என்று உங்களிடமே சொன்னாள். ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில், ஜன்னலுக்குக் கீழே நான் சின்ன வயதில் பென்சிலால் கிறுக்கி வைத்திருக்கிறேனே, அந்த இடத்தைத் தடவினாள். வெண்ணெய் நிறச் சுவரில் அது இன்னும் லேசாகத் தெரிகிறது. “வாலு, சுவத்தை நாசம் பண்ணிட்டியா?” என்று என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். என்னைத்தான். அந்த ஒரு அதட்டலை வைத்துக்கொண்டு நான் இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறேன்.

நான் சொன்ன வெண்ணெய் நிறத்தில் அந்த இடத்தை விட்டு அடித்தாலும் சுவரோடு ஒட்டிப்போகும். நீங்கள் அதற்கு மேல் கருநீலம் பூசப் போகிறீர்கள். அந்த நீல வீட்டில் நீங்கள் இரண்டு பேர்தான் அப்பா. நான் இன்னும் பிறக்கவே இல்லை.

செய்யாதீர்கள்.

வாலு

ஏப்ரல் 2

அம்மாடி,

உன் கடிதம் வந்தபோது ஒரு கோட்டு அடித்து முடிந்திருந்தது. முடியாமல் இருந்தாலும் நிறுத்தியிருப்பேனா என்று கேட்காதே. ஆனால் முதலிலேயே ஜன்னலுக்குக் கீழே உன் கிறுக்கல் இருக்கிற இடத்தை விட்டுவிட்டுத்தான் அடிக்கச் சொன்னேன். பெயிண்டர், “பெருசு, இது என்ன ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கே” என்றான். இருக்கட்டும் என்றேன்.

அந்த நீலம் கடையில் இல்லை. அட்டையில் வரிசை வரிசையாக நீலம் காட்டினார்கள், எல்லாம் சோப்பு நீலம். டெப்போவுக்குப் பின்னால் காயலான் குவியலில் ஒரு பழைய பஸ் பக்கத்தகடு கிடந்தது. மேல் பூச்சையெல்லாம் சுரண்டினேன். அடியில் இருந்தது. நானே ரிவெட் அடித்த தகடாகக்கூட இருக்கும். ஒரு துண்டு வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்ததும், அதை மிஷினில் வைத்துப் பார்த்து அதே மாதிரி எனாமல் கலந்து தந்தார்கள்.

பெயிண்டர் வேலை முடியும்வரை புலம்பினான். “லைட் கலர் அடிச்சா ரூம் அகலமா தெரியும், லைட் கம்மியா போட்டாலும் போதும். டார்க் அடிச்சா இருக்கிற ரூமும் சுருங்கிடும்.”

“அகலமா இருக்கப் போய்த்தாம்ப்பா அவ தொலைஞ்சு போறா. சுவர் கிட்ட வரட்டும்.”

“சரி, ஹாரன் எந்தப் பக்கம் வைக்கணும்?”

வாடை போகட்டும் என்று அதுவரை உன் அம்மாவைக் கூடத்தில் படுக்க வைத்திருந்தேன். உள்ளே கூட்டிப் போனேன். வாசற்படியில் நின்றாள். சுவரில் கை வைத்தாள், வழவழப்பைத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு நேராகப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, காலை நீட்டி, “அப்பாடா” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் டீயோடு போனேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, “யாருங்க நீங்க? அவர் டூட்டிக்குப் போயிருக்காரு. ஆம்பளை இல்லாத வீட்டுல இப்படி நுழையலாமா?” என்றாள். நான்தான் என்றேன். கூச்சல் போட்டாள். தையல்காரம்மா இறங்கி வந்து சமாதானம் செய்தார். அவள் தேடின வீட்டை நானே கட்டிக் கொடுத்தேன். அந்த வீட்டில் இந்தக் கிழவனுக்கு இடம் இல்லை.

அன்றைக்குப் பகல் பூராவும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்ந்து உள்ளே இருட்டினதும் என்னவோ தோன்றிப் போய் அறைக்கதவைத் தட்டினேன்.

“டிக்கெட்?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, வாலு.

கதவில் காதை ஒட்டினேன். மறுபடியும், “யாரு? டிக்கெட்?” என்றாள்.

“பாஸ்.”

திறந்தாள். “இன்னைக்கு ஏன் லேட்டு?” என்று கையிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டாள்.

அந்த நீலம் வெளிச்சத்தைக் குடித்துவிடுகிறது. கூடத்தில் தெருவிளக்கு எட்டிப் பார்த்தாலே வெளிர் சுவரில் பட்டு என் முகம் தெரிந்துவிடும். இங்கே தெரியாது. குரல் மட்டும்தான். என் குரலுக்கு மட்டும் வயசாகவில்லை போலிருக்கிறது. இருட்டிலேயே சாப்பிடுகிறோம். டெப்போ கதை கேட்கிறாள், சொல்கிறேன். படிக்கத் தெரியாதவன் நான். அந்தக் காலத்தில் எனக்குப் படித்துக் காட்டினதெல்லாம் அவள், மனசில் வைத்துக்கொண்டதெல்லாம் நான். இப்போது அவள் பங்கும் என்னிடம்தான் இருக்கிறது. தினமும் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறேன்.

விடிந்தால் வெளியே போய்விடுவேன். பகலில் தையல்காரம்மா பார்த்துக்கொள்கிறார். இதைக் கலைத்துவிடாதே, கண்ணு.

அப்பா

தங்கச்சி, இது நான் எழுதுவது. ஐயா எழுத வேண்டாம் என்றார், மனசு கேட்கவில்லை. அம்மா இரண்டு தடவை விழுந்துவிட்டார்கள். குளியலறைப் படி இருட்டில் தெரியவில்லை. லைட் போட ஐயா விடுவதில்லை. இரண்டாவது தடவை இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே நேரமானது. நீங்கள் வந்தால் நல்லது.

ஏப்ரல் 21

அப்பா,

அம்மா நன்றாக இருக்கிறாள். எலும்பு முறியவில்லை, லேசான விரிசல். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடக்கிறாள். என் குவார்ட்டர்ஸ் அறையில்தான் வைத்திருக்கிறேன். வெள்ளைச் சுவர், கதவு பச்சை.

அன்றைக்குப் பொழுது சாய்ந்து நான் வந்து, திறந்திருந்த அறைக்குள் நுழைந்ததும், “டெப்போவுல இருந்தா?” என்று கேட்டாள். நான் வாலு என்றேன். “எங்களுக்கு இன்னும் பிள்ளை இல்லையேம்மா” என்றாள். நான் பயந்தது அப்படியே நடந்தது. அந்தக் கோபத்தில்தான் லைட்டைப் போட்டேன். நீங்கள் பின்னால் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்து அம்மா அலறினாளே, அதை இப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்காக மன்னிப்பு கேட்கிறேன். கூட்டிக்கொண்டு வந்ததற்குக் கேட்கமாட்டேன். இரண்டு தடவை விழுந்ததை மறைத்தீர்கள்.

வண்டியில் உங்களுக்கும் இடம் இருந்தது. எத்தனை தடவை கூப்பிட்டேன்? அந்த நீல அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள்.

முந்தாநாள் தலை வாரிவிடும்போது, “வாலு, மெதுவா இழுடி” என்றாள். வெளிச்சம்தான் காரணம் என்று நினைக்கிறேன். சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

வாலு

ஏப்ரல் 27

வாலு,

உன்னைத் தெரிந்துகொண்டாள் என்றதைத் தையல்காரம்மாவை மறுபடி மறுபடி படிக்கச் சொன்னேன். சந்தோஷம்தான். வயிறு எரிந்ததும் உண்மைதான். இரண்டையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

நீ வரச் சொல்கிறாய். வந்து என்ன செய்ய? வெள்ளைச் சுவருக்கு முன்னால் நான் நின்றால் அவள் அலறுவாள். ஒரு தடவை கேட்டாகிவிட்டது, போதும். நடுரோட்டில் எவனோ கையைப் பிடித்து இழுத்த மாதிரி அலறினாள். அவள் கூடக் குடும்பம் நடத்தினவன் நான்.

பொழுது சாய்ந்தால் கால் தானாக மாடிப்படிக்குப் போகிறது. நேற்று இறங்கி வந்து கதவைத் தட்டினேன். உள்ளே யாரும் இல்லை என்று தெரியாதா எனக்கு? தெரிந்துதான் தட்டினேன். தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். காற்று என்றேன்.

சோறு இறங்கவில்லை. பெயிண்டரைக் கூப்பிட்டு, வெண்ணெய் நிறமே அடித்துவிடலாம் என்று பேசினேன். அவன், “டார்க் மேல லைட் ஏத்துறது லேசு இல்ல பெருசு. எத்தனை கோட்டு அடிச்சாலும் அடியில நீலம் தெரியும்” என்றான். அப்படியென்றால் விடு என்றேன்.

அவள் சாப்பிடுகிறாளா? அதை மட்டும் எழுது.

அப்பா

மே 5

அப்பா,

சாப்பிடவில்லை.

பகலில் நான் ஊட்டினால் இரண்டு வாய் வாங்குகிறாள். மாலையானால் கட்டிலைப் பிடித்துப் பிடித்துக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். யார் தட்டினாலும், “டிக்கெட்?” என்கிறாள். டாக்டரிடமும் கேட்டாள், துணி எடுக்க வருகிறவரிடமும் கேட்டாள். அவர் பாவம், சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். முதல் கடிதத்தில் நீங்கள் சொன்னது எனக்குத்தான் தெரியுமே என்று, நானே வெளியே போய்த் தட்டி, “பாஸ்” என்றேன்.

உள்ளே தாழ்ப்பாளில் கை வைத்த சத்தம் கேட்டது. பிறகு, “பாஸ் அவருக்கு மட்டுந்தாம்மா. நீ யாரு?” என்றாள்.

திறக்கவில்லை. அவர் வந்த பிறகுதான் சாப்பிடுவேன் என்கிறாள். வருகிறவர் வரவில்லை, தட்டு ஆறிப்போகிறது. மருந்து உள்ளே போகவில்லை. இப்படியே போனால் ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார். இந்த வேலையில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். எனக்கும் தெரிகிறது அப்பா.

முந்தாநாள் கட்டிலை ஒட்டின சுவருக்கு ஒரு டப்பா கருநீலம் வாங்கி நானே அடித்தேன். வார்டன் திட்டினார், திட்டட்டும். அம்மா வந்து கை வைத்தாள். “இது பஸ் இல்ல” என்று கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். நான் வாங்கினது எமல்ஷன், எனாமல் மாதிரி வழவழப்பு இல்லை, சொரசொரப்பாக இருக்கிறது. நிறமும் அது இல்லை.

அன்றைக்கு நடந்ததில் ஒன்றை நான் உங்களுக்கு எழுதவில்லை. எங்களுக்கு இன்னும் பிள்ளை இல்லை என்று சொன்னாளே, அதோடு நிறுத்தவில்லை. என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு, “இப்பத்தான் நாள் தள்ளியிருக்கு. அவருக்கே இன்னும் தெரியாது. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்” என்றாள். குரலெல்லாம் வெட்கம். எனக்கு அப்போது அழுகையும் ஆத்திரமும்தான் வந்தது, லைட்டைப் போட்டேன். இப்போது நினைத்தால், அந்த நீல வீட்டில் நான் இல்லாமல் இல்லை அப்பா. இருந்திருக்கிறேன்.

அவள் உங்களிடம் சொல்லக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

மிச்சம் இருக்கிற பெயிண்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். நான்கு சுவரும் அடித்துக்கொள்ளலாம். படி ஓரத்துக்கும் குளியலறை வாசலுக்கும் மட்டும் வெள்ளைப் பட்டை போட்டுவிட்டேன். அதில் மட்டும் என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.

வாலு

மே 9

அம்மாடி வாலு,

இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வருமா, நான் இதற்கு முன்னால் வருவேனா தெரியவில்லை. நாளை விடிகாலை முதல் பஸ்ஸில் ஏறுகிறேன்.

டப்பாவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. ஆடை கட்டியிருந்ததைக் குச்சியால் எடுத்துவிட்டேன், அடியில் நன்றாக இருக்கிறது. தையல்காரம்மா மூடி கழன்றுவிடாமல் துணி வைத்துத் தைத்தே கொடுத்துவிட்டார். பெயிண்ட் டப்பாவை ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் மல்லுக்கு நிற்பான். உன் பஸ்ஸுக்கு முதல் பூச்சு இதுதானப்பா என்று சொல்லிப் பார்ப்பேன். கேட்கவில்லை என்றால் மடியில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ், அதற்கு அடுத்த பஸ். நாலு சுவருக்குப் பத்தாது. கட்டிலை ஒட்டி ஒரு சுவர், கதவுக்கு உள்பக்கம், அது போதும். மிச்சம் உன் வெள்ளையாகவே இருக்கட்டும். பட்டையும் இருக்கட்டும், சண்டை போடமாட்டேன்.

எனாமல் காய ஒரு ராத்திரி வேண்டும். அதுவரை எனக்குப் பொறுக்காது. வந்த அன்றைக்கே தட்டுவேன். நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், தையல்காரம்மா கொட்டை எழுத்தில் எழுதுகிறார். ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டு. பொழுது சாய்ந்ததும் லைட்டை அணை. தட்டில் சோறு போட்டு வை, இரண்டு பேருக்கு. நீ அந்த மூலையில், கட்டிலுக்குப் பக்கத்தில் சத்தம் போடாமல் உட்கார்ந்துகொள். அவள் என்னிடம் சொல்லப்போகிற சங்கதியை நீயும் கேள். அப்போது நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதையே சொல்கிறேன்.

சாப்பிடாத உடம்பு, குரல் எழும்ப நேரமாகும். என் காது வேறு இப்படி. அதனால் கதவில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பேன். எவ்வளவு நேரமானாலும் நிற்பேன்.

நான் தட்டினால் நீ எழுந்து வந்து திறந்துவிடாதே. அவள் கேட்கட்டும்.

அப்பா